அக்காவுக்குச் சீட்டாட்டம் விளக்கியது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கும் வாலுவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் அனுப்பினால் நாலு வரி படித்ததுமே கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால் தபாலில் போடுகிறேன். காகிதத்தைத் திட்டினால் எனக்குக் கேட்காது.

நீ சொன்னபடி வாலுவைச் சேர்க்க விடுதிக்குப் போய் விசாரித்தேன். இடம் இருக்கிறதாம், அடுத்த பருவத்திலிருந்து சேர்த்துக்கொள்வார்களாம். சுவர் உயரம், சன்னல் சின்னது. வார்டன் என்னிடம் பேசும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உன் மகள் வாலு என்ன விளையாடுகிறாள் என்று உனக்கும் தெரியாது. உனக்குப் போன் போட்டு, உங்க பொண்ணு கிளாஸ்ல சீட்டாடுறா என்று பற்ற வைத்தாரே கணக்கு டீச்சர், அவருக்கும் தெரியாது. போன வாரம்வரை எனக்கும் தெரியாது. ஒன்றுமே தெரியாத பெரியவர்கள் கூடி ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு என்று சொன்னாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாலு பக்கத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஜோடிவரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து உன் அழைப்பு வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். தலைவலி, தூங்கிட்டா, கீழ்வீட்டு நர்ஸம்மாவோட கடைக்குப் போயிருக்கா என்று நான் சொல்லிவந்ததை நீயும் நம்பியிருக்க மாட்டாய்.

அத்தான் சீட்டில் தொலைத்ததை எல்லாம் எனக்கு நினைவுபடுத்த வேண்டாம். உன் தையல் மெஷினை அவர் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போன அன்று கதவை மறித்து நின்று அடி வாங்கியவன் நான். அதனால்தான் வாலுவிடம் போய், எனக்கும் சொல்லிக்கொடு என்று உட்கார்ந்தேன். சூது என்றால் அவள் ஆடுகிற போனை நானே உடைத்துப் போட்டிருப்பேன்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்து மெதுவாகப் படி.

இது ராஜா, ராணி போட்ட சீட்டு இல்லை. கையால் தொட்டுக் குலுக்க எதுவும் கிடையாது, எல்லாம் போனுக்குள்தான். ஒரு சீட்டில் ஓநாய், இன்னொன்றில் கொல்லன், இன்னொன்றில் ஒரு மந்திரம். எதிரில் ஆடுவது எந்த ஊரிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர். இரண்டு பேருக்கும் சமமாக உயிர் கொடுத்திருப்பார்கள். யார் உயிர் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். பணயம் கிடையாது. தோற்றால் கோபம் வரும், அவ்வளவுதான்.

'டெக்' என்பது ஆட்டத்துக்கு எடுத்துப்போகும் கட்டு. எல்லோருக்கும் ஒரே கட்டு இல்லை. நம்மிடம் உள்ள சீட்டுகளிலிருந்து நாமே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். இதை எடுத்தால் அதற்கு இடம் இல்லை, அதை விட்டால் இது வேலை செய்யாது என்று ஓயாமல் கூட்டிக் கழிக்கிற வேலை. வாலு வகுப்பில் உட்கார்ந்து செய்தது அதுதான். கணக்கு டீச்சரிடம் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்ட முதல் ஆள் இவளாகத்தான் இருப்பாள்.

கட்டிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த சீட்டுகளுக்குக் 'கை' என்று பெயர். அது எதிராளி கண்ணுக்குத் தெரியாது. சுற்றுக்கு ஒரு சீட்டு புதிதாகக் கைக்கு வரும், அது 'டிரா'. ஆரம்பத்தில் வந்த கை பிடிக்கவில்லை என்றால், வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை வேறு வாங்கலாம். அதற்கு 'மல்லிகன்' என்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கெல்லாம் யார் அப்படிக் கேட்டார்கள்? வந்த கையோடு உட்கார், ஆடு, தோற்றால் உன் தலையெழுத்து என்றுதானே சொன்னார்கள்.

ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ஓர் எண் இருக்கும், அதுதான் அதன் விலை. பயப்படாதே, காசு இல்லை. அந்த விலையை 'மானா'வால் கொடுக்க வேண்டும். மானா என்றால் தெம்பு என்று வைத்துக்கொள். முதல் சுற்றில் கொஞ்சம்தான் இருக்கும், சுற்றுக்குச் சுற்று ஏறும். ஓநாயை இறக்கக் கொஞ்சம் தெம்பு போதும், ராட்சசனை இறக்க நிறைய வேண்டும்.

இங்கேதான் நான் மாட்டினேன். புதுத் துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிழிந்த துண்டால் முகம் துடைக்கிற குடும்பம் நம்முடையது. சின்னச் சீட்டு எதையும் இறக்காமல் மானாவைச் சேர்த்துக்கொண்டே போனேன். கடைசியில் மொத்தமாக ஒரு ராட்சசப் படையையே இறக்கி எதிராளியை நசுக்குவது என் திட்டம். அவன் ஓநாய்களைவிட்டு என்னைக் கடித்தே முடித்துவிட்டான். ஏன் மாமா ஒன்னுமே போடல என்று வாலு கேட்டாள். சேத்து வெச்சேன் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது சேராது மாமா, இந்த ரவுண்டுது இந்த ரவுண்டோட போச்சு என்றாள். கையில் நல்ல நல்ல சீட்டாக வைத்துக்கொண்டு செத்தேன் அக்கா.

'டாண்ட்' என்று ஒரு குணம் சில சீட்டுகளுக்கு உண்டு. அந்த ஆள் முன்னால் நின்றால் எதிராளி முதலில் அவனைத்தான் அடிக்க வேண்டும், பின்னால் இருப்பவரைத் தொட முடியாது. எங்கள் பார்சல் கிடங்கில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். சூப்பர்வைசர் கத்த ஆரம்பித்தால் தானே முன்னால் போய் நின்று வாங்கிக்கொள்வார். வேகம் போதவில்லை என்று அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது அடி நேராக எங்கள் மேல் விழுகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். 'பேக்' என்று ஓர் உறை இருக்கிறது. உள்ளே என்ன சீட்டு என்று பிரித்தால்தான் தெரியும். ஆடி ஜெயித்தும் வாங்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். அத்தான் வாடை அடிக்கிற இடம் அது ஒன்றுதான். ஆட்டம் இலவசம் என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, உறையை ஆட்டிக் காட்டிப் பிள்ளைகளிடம் பறிக்கிறான் கம்பெனிக்காரன். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கட்டு பளபளக்கிறது. வாலு ஓர் உறைகூடக் காசு கொடுத்து வாங்கவில்லை, அந்த வழியை நான் போனில் பூட்டியும் வைத்துவிட்டேன். வேண்டாத சீட்டை உடைத்தால் தூள் கிடைக்கிறது, தூளைச் சேர்த்து வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளலாம். அப்படித்தான் அவள் காலம் தள்ளுகிறாள். தூள் மட்டும் சேருமாம்.

ஆட்டத்தில் எதிராளியோடு பேச முடியாது. வணக்கம், நன்றி, அடடா, பிரமாதம் என்று சில பட்டன்கள்தான். 'எமோட்' என்று பெயர். இது போரடிக்காதா என்று கேட்டேன். அம்மா பேசுறதும் இப்படித்தானே மாமா என்றாள். சாப்பிட்டியா, படிச்சியா, பாத்துப் போ, வெச்சிரவா. நாலு பட்டன் என்றாள்.

சுருக்கென்றது. அதட்ட வாயெடுத்தேன். ஆனால் அவளுக்கு யார் சொன்னார்கள்? நீ எங்க குடும்பத்துல ஒருத்தி என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டம்மா நீ பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பதை, சமையலறையில் கேமரா மாட்டியிருப்பதை, நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்தால் கோபித்துக்கொள். அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்விதான். அம்மா கட்டில் எங்க இருக்கு? அங்கயும் கேமரா உண்டா? அந்தத் தாத்தா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரா? அழணும்னா அம்மா எங்க போவாங்க? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சொல், 'ஸ்பெக்டேட்'. நண்பர் ஒருவர் ஆடும்போது கூடவே இருந்து பார்ப்பது. எதிராளிக்குத் தெரியாத அவள் கை முழுக்க உனக்குத் தெரியும். நீ பார்க்கிறாய் என்பதற்கு அவள் திரையில் சின்னதாக ஒரு கண் முளைக்கும். பேச வேண்டாம், எழுத வேண்டாம். யாரும் ஒட்டுக்கேட்க அதில் ஒன்றுமே இல்லை. அம்மா போன்ல இது ஏறுமா மாமா என்று வாலுதான் கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், நகத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

ஏறும் என்று சொல்லிவிட்டேன். எப்படி ஏற்றுவது என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். உன் விடுமுறை நாள் மதியத்தில் அவள் ஆடுவாள். ஒரே ஓர் ஆட்டம் பார். விடுதி விஷயத்தை அதற்கப்புறம் சொல். அப்போதும் சேர்த்துவிடு என்றால், மறுபேச்சு இல்லாமல் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவருகிறேன்.

அவள் தப்பான சீட்டைப் போட்டாலும் கூப்பிட்டுத் திருத்தாதே. தோற்றாலும் ஒன்றும் கேட்காதே. ஆட்டம் முடிகிறவரை அந்தக் கண்ணை மட்டும் அணைத்துவிடாதே. அவளாக உன்னைக் கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தாழ் போடாமல் உட்கார்ந்திருப்பாள்.

கொஞ்ச நேரமாவது வந்து இரு, அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி