பச்சை வயரை வெட்டியது யார்?

என் கண்ணுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், எனக்குக் கோபம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ வாங்கி அனுப்பிய ஓவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் வந்து நின்று பேச்சை மாற்றுவார். சமையலறை அலமாரிக்குள் அதைப் பொருத்த வந்த எலக்ட்ரீஷியனை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பிளக் எங்கே தம்பி என்று கேட்டால், இதுக்குப் பிளக் கிடையாதும்மா, மெயின் போர்டிலிருந்து தனியா தடி வயர் இழுத்திருக்கேன், அவசரத்துக்கு அணைக்கப் பக்கத்திலேயே பெரிய சுவிட்ச் இருக்கு என்றான். சுவருக்குள் போன வயரை யார் கண்டது?

போன வாரம் ஈரக்கையோடு ஓவன் கதவைத் தொட்டேன், விரலில் சுருக்கென்று ஏறியது. அப்பாவிடம் சொன்னேன், உனக்கு நரம்பு வீக்காயிடுச்சு என்றார். ஆனால் வீட்டுக்குள் யார் செருப்போடு வந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர், கொஞ்ச நாளாக ரப்பர் செருப்போடு சமையலறையில் நடக்கிறார், எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வந்து போட்டுக்கோ, தரை சில்லுனு இருக்கு என்கிறார். இவர் எப்போது என் பாதத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்? அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுக்க அந்த எலக்ட்ரீஷியன் மேல்தான். வரவழைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓவனை வெளியே இழுத்தான். பின்னால் பச்சை வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றியிருந்தது. இது என் டேப் இல்லைம்மா என்றான். இல்லைதான், உனக்குப் பார்சல் அனுப்ப அப்பா ஒட்டுகிற பழுப்பு டேப்.

கேட்டதும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கடைக்குப் போயிருந்தபோது ஓவனைப் போட்டுப் பார்த்தாராம், போட்ட பத்தாவது நிமிடம் வீட்டு மின்சாரம் மொத்தமும் டிரிப் ஆகி நின்றுகொண்டே இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஓவனைப் பார்க்கிறேன் என்று நீ வேறு சொல்லியிருந்தாய். பச்சையை எடுத்துவிட்டால் டிரிப் ஆகாது என்று அவருடைய நடைப்பயிற்சி சிநேகிதர் ஒருவர் யோசனை சொல்ல, இவர் கத்தரியை எடுத்துவிட்டார். பிள்ளை ஆசையா அனுப்பினது, கெட்டுப்போச்சுன்னு எப்படிடி சொல்றது என்று என்னிடமே கேட்கிறார். எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்த்தான், ஓவன் உள்ளே சூடாக்கும் கம்பியில் மின்கசிவு இருந்திருக்கிறது. கசிகிற மின்சாரத்தைப் பச்சை வயர் பூமிக்குக் கொண்டுபோகும், அதைப் பார்த்துத்தான் டிரிப் சுவிட்ச் அணைகிறதாம். வயர் இல்லையென்றால் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் போகுமாம். எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன், இனி அவரை அவன் இவன் என்று சொல்ல மாட்டேன். பச்சை வயரைச் சரியாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார், கம்பியை மாற்றும்வரை ஓவனைத் தொடக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஓவன் விளக்கு எரிவதைப் பார்த்து நீ கைதட்டினாய், நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நீ அப்பா மகள். ஆறு மாதமாக எப்போது அழைத்தாலும் மாப்பிள்ளை குளிக்கிறார், இல்லாவிட்டால் தூங்குகிறார். உன் பின்னால் தெரிகிற சுவரும் மாறிவிட்டது, பெயின்ட் அடித்தோம் என்கிறாய், ஜன்னலுமா இடம் மாறும்? எங்கள் மனசு நோகுமே என்று எதையும் மறைக்காதே, கண்ணு. நீ என்ன சொன்னாலும் தாங்குவேன்.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. பதிலை என் பெயருக்கே அனுப்பு, அப்பா பிரிக்க வேண்டாம். எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டும் எழுதினால் நான் புறப்பட்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா