பதினெட்டு நாள் முந்தி நட்டவன்

பிப்ரவரி 4, செவ்வாய்

அறுவடை முடிந்தது. ஊரில் முதல் அறுவடை என்னுடையது. மற்றவர்களின் நெல் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் பச்சை, நடுவில் என் வயல் மட்டும் மொட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பெருமையாக இருந்தது.

நவம்பரில் ஊர்த்தலைவர் மர்த்தோயோ எங்கள் ஜாவா வழக்கப்படி ஏழு நாள் வாரத்தையும் ஐந்து நாள் சந்தை வாரத்தையும் கூட்டிக் கழித்து நடவுக்கு ஒரு நாள் குறித்தார். குறித்த நாளில் ஊரே சேர்ந்து நட வேண்டும். நான் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். நெல்லுக்குச் சந்தை நாள் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மழை முந்தி வந்தது. நானும் பதினெட்டு நாள் முந்திக் கூலிக்கு ஆள் வைத்து நட்டேன். யாரும் தடுக்கவில்லை. "வாத்தியார் புத்தகம் படிச்சவரு" என்றார் மர்த்தோயோ. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மாவட்ட விவசாயப் பத்திரிகைக்கு 'மூடநம்பிக்கையும் முன்நடவும்' என்று ஒரு கட்டுரை தொடங்கியிருக்கிறேன். தலைப்பு நன்றாக அமைந்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

பக்கத்து வயலில் எலி. துக்கிரானுடையது. ஓரத்துப் பயிரை விட்டுவிட்டு நடுவில் வட்டமாகத் தின்றிருக்கின்றன. வரப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே இறங்கினால்தான் தெரியும். அவனுக்கும் அவன் மனைவி பர்ஜினெமுக்கும் சாப்பாட்டு நெல் அந்த ஒரு துண்டிலிருந்துதான். மீதி நாளெல்லாம் வீட்டுப் பின்னால் உள்ள மூங்கிலை வெட்டிக் கூடை முடைகிறான்.

"நேத்து இந்நேரம் நெல்லு நின்னுச்சு வாத்தியாரே" என்றாள் பர்ஜினெம். "இன்னிக்கு எலிதான் நிக்குது. அதுவும் என்னைப் பாத்து ஓடக்கூட இல்ல."

ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். நல்ல வார்த்தைகள்.

பிப்ரவரி 8

இன்னும் நான்கு வயல்களில் எலி. கட்டுரை மூன்றாம் பக்கத்தில்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கட்டுரைக்கு ஆதாரம் தேடி வட்டார நூலகத்தில் பயிர்ப் பூச்சி, பிராணிகள் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்.

நெல் சூல் கட்டும்போதுதான் பெண் எலி குட்டி போடத் தொடங்குமாம். எல்லா வயலும் ஒரே சமயத்தில் சூல் கட்டினால் ஒரு ஈற்று. எல்லாம் ஒரே சமயத்தில் அறுவடையானால் பட்டினி. ஒரு வயல் மட்டும் முந்திக்கொண்டால் அது பிரசவ விடுதி. அதை அறுத்ததும் வளை அங்கேயே இருக்க, குடும்பம் குட்டிகளோடு அடுத்த வயலுக்குப் பந்திக்குப் போகும்.

ஆக, நாள் எதுவானாலும் பரவாயில்லை. ஒரே நாளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தை நாள் நெல்லுக்குத் தெரியாதுதான். எலிக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் சாப்பிடல?" என்று என் மனைவி ருக்மியாத்தி கேட்டாள்.

"சோயா தெம்பேயில உப்பு ஜாஸ்தி."

"உப்பே இன்னும் போடலையே."

கட்டுரையை நிறுத்திவிட்டேன். தலைப்பை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

தொழுகை முடிந்ததும் விவசாயிகள் கூட்டம். நான்தான் செயலாளர், நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவன்.

பின்வரிசையில் ஒருவன், "துக்கிரான் வீட்டு மூங்கில் புதரு இருக்கே, அது எலிக்கு மாளிகை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். துக்கிரான் தலையைச் சொறிந்தான். "இருக்கலாம் அண்ணே. நான் உள்ள போயி எண்ணிப் பாக்கல."

மர்த்தோயோ என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் என்ன சொல்றீங்க?"

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலில் கிராம்பு சிகரெட் பாதி வரை தானாக எரிந்தது. அவ்வளவு நேரம் கொடுத்தார்.

"வாய்ப்பு இருக்கு" என்றேன்.

இரண்டே சொல். பிறகு குனிந்து எழுதினேன்: 'மூங்கில் புதரே காரணம் என ஒருமனதாக முடிவு.' என் கையெழுத்து அழகானது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஊர்கூடி வேலை. வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஓர் அரிவாள். நானும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் — இதைத்தான் நினைத்தேன், வேறெதையும் இல்லை.

மூங்கில் முழுவதையும் வெட்டினார்கள். வேரைத் தோண்டினார்கள். ஒரு எலி வளைகூட இல்லை. கோழி ஒன்று அங்கே ரகசியமாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

"முட்டை போடுற எலியா இருக்கு!" என்றாள் பர்ஜினெம். அவளும் சிரித்தாள். வெட்டிக் கிடந்தது அவளுடைய மூங்கில்.

அப்போது நாய்கள் ஓடின. துக்கிரான் வயலைத் தாண்டி, நேராக என் வரப்புக்கு. அங்கே நின்று தோண்டின. வளையில் புகை ஊதினார்கள். எலிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. தடியால் அடித்தார்கள், கத்தினார்கள், கும்மாளமாக இருந்தது. பிறகு அது யார் வரப்பு என்று ஒவ்வொருவராகக் கவனித்தார்கள். தடிகள் தாழ்ந்தன.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் ஒருவன் கைலி அவிழ்ந்து நின்றால் எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"மழை வரும்போல" என்றார் மர்த்தோயோ. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

பர்ஜினெம் எல்லோருக்கும் தேநீரும் அவித்த மரவள்ளியும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். சர்க்கரைகூடக் குறைக்கவில்லை.

பிப்ரவரி 17

துக்கிரான் வீட்டுப் பின்முற்றத்தில் இப்போது பகல் முழுக்க வெயில்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு துக்கிரான் வீட்டுக்குப் போனேன்.

"ஐயோ, எதுக்கு வாத்தியாரே இந்தச் சிரமம்" என்றான். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். நெல்லை வேண்டாம் என்றான். வற்புறுத்தினேன். வேண்டாம் என்றான். மறுபடி வற்புறுத்தினேன். வேண்டாம் என்றான்.

மூன்று முறை மறுப்பது எங்கள் ஜாவாக்காரர் மரியாதை. நாலாவது முறை வற்புறுத்துவது கொடுப்பவன் மரியாதை. இது எனக்குத் தெரியாதா? மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். நெல்லோடு வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். வந்த விஷயத்தையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, புதன்

துக்கிரான் அறுவடை செய்தான். இரண்டு மூட்டை. போன வருடம் பதினொன்று.

ருக்மியாத்தி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நம்ம வரப்புல எலி வந்ததை ஊரே பாத்துச்சு. நீங்க மட்டுந்தான் பாக்காத மாதிரி இருக்கீங்க. என்னால குளத்தடிக்குப் போக முடியல. ஒருத்தி ஒரு வார்த்தை திட்டமாட்டேங்குறா. திட்டினாலாவது நானும் திருப்பித் திட்டுவேன்."

என்ன மனுஷன்டா நீ, தர்மாஜி? என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

அடுத்த நடவுக்கு நாள் குறிக்கும் கூட்டம். நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். புத்தகச் சான்றுகளோடு. எழுந்து நின்று காகிதத்தைப் பிரித்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டு, "முந்தி நட்டது நான். எலி என் வயல்ல பெருகினது. மூங்கில் காரணமில்ல. கூட்டத்துல கேட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே எல்லாரும் பாத்தோம்" என்றார் மர்த்தோயோ. "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். கொஞ்சம் நாளாயிடுச்சு."

துக்கிரான் பாயைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வெட்டறதுக்கு முந்தி சொல்லியிருந்தா மூங்கிலாவது மிஞ்சியிருக்கும் வாத்தியாரே."

கோபமே இல்லாமல் சொன்னான். கோபத்தோடு சொல்லியிருக்கலாம்.

நடவு ஏப்ரல் பத்து. குறிப்புப் புத்தகத்தை வேறொருவர் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 30

துக்கிரான் வீட்டில் ஆறு மூட்டை இறக்கினேன். இந்த முறை அவன் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. நாங்கள் இருவரும் எவ்வளவு தூரம் விலகிவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

ஊர் நடவு. எல்லா வயலிலும் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். என் வயலுக்கு யாரும் வரவில்லை. வரமாட்டேன் என்றும் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேறு வயல் இருந்தது. காலை ஆறு மணிக்கு நானும் ருக்மியாத்தியும் இறங்கினோம். நடவு பெண்கள் வேலை. நான் நாற்றைக் கையில் பிடித்ததே இல்லை. மூன்று மணிக்குப் பாதிகூட முடியவில்லை.

வரப்பில் பர்ஜினெம் வந்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள், முழங்கால் வரை சேறு.

"இது என்ன நடவா, கோழி கிளறினதா?"

"மிச்சத்தை நாளைக்குக் காலைல நாங்களே—"

"நாளைக்கா?" என்றாள். "ஒரு தடவை பட்டது போதாதா? இன்னிக்கே முடியணும். உங்களுக்காக வரல, எங்க நெல்லுக்காக வந்திருக்கோம். மேல ஏறுங்க."

ஏறினேன். நான் நட்டதில் மூன்று வரிசையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டாள். நான் வரப்பில் நின்று நாற்றுக்கட்டுகளை எடுத்துப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். கடைசி வரை பேசிச் சிரித்துக்கொண்டேதான் நட்டார்கள். என்னைப் பற்றித்தான். குரலைத் தாழ்த்திக்கொள்ளவே இல்லை.