உன் இடத்தில் நின்று சுட்ட கறி

பாசோ தெல் மோந்தே,
ஈஸ்டர் வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை

என் ராசா லிசாந்த்ரோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் முழங்கால் மட்டும் குளிர் வரப்போவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது, அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, கப்பல் பட்டறையில் அந்தச் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு இஸோலினாவின் மகள் வெள்ளிக்கிழமை ஸ்பெயினுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் பையில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், மத்தே இலை இரண்டு பொட்டலம், நான் பின்னிய கம்பளிக் காலுறை, கூட இந்தக் கடிதம். மத்தேயை அங்கே கிடைக்கிற கண்ட கோப்பையிலும் போட்டுக் குடிக்காதே, நீ கொண்டுபோன சுரைக்குடுவை உடைந்துவிட்டது என்றால் சொல், வேறு அனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா, எழுதவேண்டுமா என்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, நான் என்ன பேசினாலும் ஜன்னலுக்கு வெளியே நாற்காலியில் இருக்கும் உன் அப்பா காதில் விழும், அதோடு உன் போன் கார்டு பாதிப் பேச்சில் தீர்ந்துபோகும், இது நிதானமாகச் சொல்லவேண்டிய விஷயம்.

போன மாதப் புயலில் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்து தெல்மார் மாமா தோட்டத்தில் போய் விழுந்தது, அவன் அதைத் தன் கோழிக்கூண்டுக்குப் போட்டுக்கொண்டு, வானத்திலிருந்து வந்தது எனக்கு என்கிறான். எலுமிச்சை இந்த வருஷம் தாங்கமாட்டாமல் காய்த்திருக்கிறது, பறித்துக் கொடுக்க ஆளில்லாமல் கீழே விழுந்து கிடக்கிறது. உன் அறையை அப்படியேதான் வைத்திருக்கிறேன், ஜன்னல் மட்டும் காலையில் திறந்துவிடுவேன், நீ வரப்போகிறாய் என்று மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி வைத்தது இன்னும் விரிப்பு கலையாமல் இருக்கிறது. சரி, அதை விடு, நான் சொல்ல வந்தது கறி சுடுகிற போட்டியைப் பற்றி. ஆமாம், நம் ஊர்த் திருவிழாவில் மாட்டுச் சந்தை மைதானத்தில் வருஷாவருஷம் நடக்குமே, அதே போட்டிதான். அதில் இந்தத் தடவை நாங்கள் நின்றோம். சிரிக்காமல் படி.

பெயர் கொடுத்தது உன் அப்பா, நீ ஈஸ்டர் வாரத்துக்கு வருகிறேன் என்று சொன்ன மறுநாளே. உனக்குச் சொல்லவேண்டாம், பஸ்ஸிலிருந்து இறங்கினதும் நேரே மைதானத்துக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றார். நம் வீட்டில் யாரும் இதுவரை போட்டி என்று போய் நின்றதில்லை, ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் நீ சுடுவாய், நாங்கள் தின்போம், அவ்வளவுதான், ஆனால் அவருக்கு உன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை, எங்க பையன் சுடுற கறியை ஊரே ஒரு தடவை தின்னு பார்க்கட்டும் என்று கறிக்கடையிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இரண்டிரண்டு பேராகத்தான் நிற்கவேண்டுமாம், ஜோடிக்கு ஒரு பெயரும் வேண்டுமாம், ‘அப்பாவும் மகனும்’ என்று எழுதிக் கொடுத்தார். அதற்குமேல் அவருக்குக் கற்பனை ஓடாது, உனக்குத் தெரியும்.

பிறகு உன் போன் வந்தது. குடியிருப்புக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, இப்போது நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீ சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவரிடம் சொன்னேன். அவர் அப்போது கிரில் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், உனக்காகத்தான், கையை நிறுத்தாமலே, காகிதமாவது மண்ணாவது, அங்க எவளாவது கிடைச்சிருப்பா, இனி எங்க வரப்போறான் என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, உனக்கு சபேலா இருக்கிறாள் என்பது எனக்கும் உனக்கும் தெரியும், ஆனால் காகிதமும் நிஜம்தானே, அதைத்தான் அவர் கடைசிவரை நம்பவில்லை. அன்றிலிருந்துதான் நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் வெளியே போயிருக்கிறார், குளித்துக்கொண்டிருக்கிறார். நீயும் இவ்வளவு குளிப்பவர் யார் என்று யோசித்திருப்பாய். முற்றத்தில் நெருப்பும் மூட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பில் குழம்புதான், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெயரை அடித்துவிட்டு வருகிறேன் என்று தொப்பியை எடுத்தார். அடிக்கவேண்டாம், நான் நிற்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நீ தட்டு கொண்டுவர்றவ நெலிதா, உனக்கு எதுக்கு இது என்றார். தட்டோட நின்னு இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுதானே இருந்தேன், எனக்குக் கண்ணு இல்லையா என்று கேட்டேன். எனக்குப் போட்டியில் ஆசையென்று ஒன்றும் இல்லை தம்பி. பெயரை அடித்துவிட்டால் நீ வருவதாகவே இருந்ததில்லை என்று ஆகிவிடும்போல் இருந்தது. அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை, சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே அளவு தைலமர விறகு, ஒரே மாட்டின் முதுகுப்பக்கத்திலிருந்து எலும்போடு அறுத்த தடித்த துண்டுகள் மூன்று, ஒரு கிண்ணம் கல்லுப்பு, வேறு எதையும் சேர்க்கக்கூடாது. எங்களுக்குப் பக்கத்துக் கிரில்லில் தெல்மார் மாமாவும் அவன் லாரிக் கூட்டாளியும். என்னைப் பார்த்ததும் அவன் விட்டானா, அத்தான், மகனைக் கூட்டிட்டு வரேன்னுட்டு மகனோட அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, அடுத்த வருஷம் நாயா என்றான். உன் அப்பா விறகை அடுக்கிப் பற்றவைத்தார், தணல் விழ விழ வாரிக் கம்பிக்கு அடியில் பரப்பினார், நான் கறியைத் துடைத்து வைத்தேன், அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் மேடையில் மைக் வைத்திருந்தவன் ஜோடிகளின் பெயரை வாசிக்க ஆரம்பித்தான். எங்கள் முறை வந்ததும், அப்பாவும் மகனும், வால்தெமாரும் லிசாந்த்ரோவும் என்று சத்தமாக வாசித்துவிட்டு எங்கள் பக்கம் கையைக் காட்டினான், காகிதத்தில் இருந்ததை வாசித்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, லிசாந்த்ரோ, பாவாடை உனக்கு நல்லா இருக்குடா என்று கத்தினான், மைதானமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. உன் அப்பா இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்தார், தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார், கயிற்றைத் தாண்டி மாட்டுப் பட்டிப் பக்கம் நடந்து போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது, ஏனென்றால் தணல் தயாராக இருந்தது, அது யாருக்காகவும் காத்திருக்காதே. தெல்மார் கேலியை விட்டுவிட்டு ஓடிவந்தான், அக்கா, நீ தள்ளு, நான் ரெண்டையும் பாத்துக்கறேன் என்றான். நல்ல மனசில்தான் கேட்டான், ஆனால் நான் இடுக்கியைக் கொடுக்கவில்லை, நீ போய் உன்னோடதை கருக்காம பாரு என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் நான் செய்ததெல்லாம் நீ செய்ததுதான். பாத்திரம் கழுவுகிற ஜன்னலிலிருந்து உன்னை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன், உன் முதுகும் வலது முழங்கையும் மட்டும்தான் அங்கிருந்து தெரியும். புறங்கையைக் கம்பிக்கு மேல் பிடித்து, தாங்கமுடிகிற சூடா தாங்கமுடியாத சூடா என்று பார்ப்பாயே, அதே மாதிரி பிடித்துப் பார்த்தேன், சுட்டது, பின்னே சுடாதா, கொஞ்சம் தணலை ஒதுக்கினேன், மறுபடி பிடித்தேன், அதன்பிறகுதான் கறியை எலும்புப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன். நீ குத்தமாட்டாய், அழுத்தமாட்டாய், கறி தானாகக் கம்பியை விடும்வரை தொடமாட்டாய். சும்மா நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொழுப்பு சொட்டி ஒரு தரம் தீ எழும்பியது, எல்லாரும் தண்ணீர் தெளி என்று கத்தினார்கள், நீ தெளித்து நான் பார்த்ததில்லை, மண்வாரியால் அந்த இடத்துத் தணலை மட்டும் இழுத்தேன், அடங்கிவிட்டது. அந்த நேரம் முழுக்க உன்னிடம் பேசிக்கொண்டே இருந்தேன், இப்ப திருப்பட்டுமா, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமா என்று. உதட்டை அசைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நீ போனபிறகு உனக்கு இவ்வளவு பக்கத்தில் நான் இருந்ததில்லை கண்ணா.

திருப்பிப்போட்டு உப்பைத் தூவிக்கொண்டிருக்கும்போது மைக் மறுபடி கரகரவென்றது. ஒரு திருத்தம் என்றான் அந்த ஆள். ‘அப்பாவும் மகனும்’ இல்லை, வால்தெமாரும் அவர் மனைவி நெலிதாவும் என்றான். அப்புறம் யாரோ பக்கத்தில் நின்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: “லிசாந்த்ரோ ஸ்பெயின்ல கப்பல் வேலைல இருக்கான். காகிதம் இன்னும் வரல, அதனால வர முடியல. வந்திருந்தா இந்தப் பரிசு வேற யாருக்கும் கிடைச்சிருக்காதுன்னு அவங்க அப்பா சொல்லச் சொல்றார்.” யாரும் சிரிக்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கேதானே இருக்கிறார்கள், பார்சிலோனாவில், மாட்ரிட்டில், எங்கேயோ. முதலில் ஒருவர் கைதட்டினார், அப்புறம் நிறையப் பேர். நான் கையில் உப்போடு அப்படியே நின்றேன். காகிதம் வரல என்று அவர் வாயால் சொன்னதை நான் இத்தனை நாளில் கேட்டதில்லை, இப்போதும் இன்னொருவன் வாய் வழியாகத்தான் கேட்டேன், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அவர் மேடைப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். கறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், “அவன் மாதிரியே வச்சிருக்க” என்றார், அவ்வளவுதான், பிறகு ஏதாவது செய்யவேண்டும்போல் இருந்ததோ என்னவோ, கிண்ணத்திலிருந்து உப்பை அள்ளி மூன்று துண்டிலும் நன்றாகத் தூவினார். நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. பரிசு போனது அதனால்தான். நடுவர்களில் தலை நரைத்த ஒரு அம்மாள் கடைசியில் வந்து, நெருப்பு அருமை, உள்ளே நிறம் அருமை, ஆனா உப்பு ரெண்டு கை பட்ட மாதிரி இருக்கே என்றார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ முன்னாடியே உப்பு போட்டுட்டியா என்றார், போட்டேன் என்றேன், சொல்றதுக்கென்ன என்றார், எப்படிச் சொல்றது என்றேன். நீ போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். முதல் பரிசு யாரோ வெளியூர்க்காரர்களுக்கு, தெல்மாருக்கு மூன்றாவது, அதற்கே அவனைப் பிடிக்கமுடியவில்லை. மிச்சக் கறியை அங்கேயே ரொட்டியில் வைத்து எல்லாரும் தின்றோம், உப்பு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்கள், ஒரு துண்டும் மிஞ்சவில்லை. உனக்குப் பிடித்த எலும்போரத்துக் கறியை அவரே அறுத்து எடுத்தார், கத்தி முனையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு என் தட்டில் வைத்தார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்களுக்காக அவசரப்பட்டு, காகிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவராதே. வரவேண்டும் என்று இருக்கிறது, தினமும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் வேலையைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டாம், முறையாக வா, திரும்பிப் போகமுடிகிற மாதிரி வா. சபேலாவுக்கு என் அன்பைச் சொல், அவளுக்குக் கறி சுட்டுக் கொடுத்தாயா, அங்கே விறகு கிடைக்கிறதா, மாடியில் நெருப்பு மூட்டவிடுவார்களா என்றெல்லாம் எழுது. அவளைப் பற்றி அப்பாவிடம் நான் சொல்லப்போவதில்லை, நீயே சொல். குளிரில் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீயும் அவளும் நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், வயிறு நிறைந்து இருக்கவேண்டும், என் பங்கு நல்லது ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் கடவுள் உன் கணக்கிலேயே சேர்க்கட்டும்.

மறந்துவிடாதே, இதுதான் முக்கியம். நேற்றுக் காலையில் அப்பா மத்தே குடித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பையன் எத்தனை மணிக்குக் கூப்பிடுவான் என்று என்னிடம் கேட்டார், தெரியாதவர் மாதிரி. சொன்னேன். அன்னைக்கு நீ இஸோலினா வீட்டுக்குப் போறதானா போயிட்டு வா என்றார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு, புது கார்டாக வாங்கிப் போட்டுக் கூப்பிடு. நான் வீட்டில் இருக்கமாட்டேன். போனை எடுத்தபிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால் லைன் கெட்டுவிட்டது என்று வைத்துவிடாதே, அது அப்பாதான், கொஞ்சம் நேரம் கொடு.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா
நெலிதா