இயந்திரத்துக்குக் கீழே பதினாறு மில்லிமீட்டர்

அம்மாவின் செல்ல வாலுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று வாரமாகப் பதில் போடவில்லை என்று திட்டாதே, மணிக்கட்டு வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை.

மாமாவின் அச்சகத்தில் மேல்தளத்தைத் தாங்கிய ஆறு மீட்டர் இரும்பு பீம் மடங்கி விழுந்துவிட்டது. காகிதம் வெட்டும் இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் ஏற்றிவிட்டு, சிவில் படிச்சவ நீதானே, எவ்வளவு தொய்யுதுன்னு பாருடி என்றார். நான் நூல் கட்டி இயந்திரத்துக்கு நேர் கீழே மட்டும் அளந்தேன். பதினாறு மில்லிமீட்டர், இருபது வரை போகலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எடை ஓரத்தில் இருந்தால் அதிகத் தொய்வு அதன் அடியில் வராது, நடுவை ஒட்டித்தான் வரும். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சையில் போட்ட கணக்கு அது! நடுவில் தரையில் கிடந்த பலகைகளை நகர்த்தச் சோம்பல், அவ்வளவுதான். மாமாவோ, இன்னும் நாலு மிச்சமிருக்கே, சும்மாவா விடுறது என்று சிரித்துக்கொண்டே மேலே நட்ட நடுவில் காகிதக் கட்டுகளை அடுக்கினார்.

விழுந்தபோது அடியில் நின்றவர் நீ சித்தப்பா என்று கூப்பிடுவாயே, அந்த பீமைப் பற்றவைத்த வெல்டர். தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. ரத்தத்தை என் புடவையால் அழுத்திப் பிடித்தேன், அப்போதே அவர் மனைவி வந்து, அளந்து கிழிச்சியேடி பாவி என்று என்னை அறைந்தாள். அவருடைய தம்பிகள் கண்ணாடியெல்லாம் நொறுக்கி மாமாவைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். வெல்டருக்கு மருத்துவமனையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனை நடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டுகள் ஏறும் முன்பே நடுவருகே இருபத்தைந்தரை தொய்ந்திருக்கிறது. மாமாவிடம் காட்டினேன். தாளைக் கிழித்து, மணிக்கட்டை முறுக்கி, முகத்தைக் கதவில் மோதினார். அவன் பத்தவச்சதுதான் சரியில்லைன்னு சொல்லு, வாயத் தொறந்தே, தங்கச்சின்னு பாக்க மாட்டேன், கொன்னுடுவேன் என்றார். அப்பா இல்லாத உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அதே கை. இப்போது வெல்டர்மேல்தான் வழக்கு எழுதியிருக்கிறார்கள், காலும் போய்ப் பழியுமா?

நாளைக் காலை நான் காவல் நிலையத்தில் உண்மையைச் சொல்லப் போகிறேன். கையெழுத்து என்னுடையது, என்னையும் உள்ளே வைக்கலாம். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாமா உன்னைக் கூப்பிட்டு அழுவார். நீ கிளம்பி வராதே, தனியாக அவரைப் பார்க்காதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும் கண்ணே. கதவைத் தாழ் போட்டுப் படு. கணக்கை மறுபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், நீயும் ஒரு முறை போட்டுப் பார். இது கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன், ஆனாலும் தப்பிருந்தால் மறைக்காமல் எழுது.

உன்னை நினைத்தபடி,
அம்மா