இலைக்கு வைத்த தாள்

அன்புள்ளவளுக்கு,

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் கையெழுத்திடவில்லை. வீம்பு ஒன்றுமில்லை, அசதிதான். இங்கே முகாமில், ஆய்வுக்காகப் பறித்த பூஞ்சை பிடித்த காட்டிலைகளைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்த வேண்டும். தினமும் தாள் மாற்றாவிட்டால் அழுகிவிடும். "இலையையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாயே, அதைத்தான் செய்கிறேன்.

நேற்று அறையிலிருந்த செய்தித்தாள் தீர்ந்துவிட்டது. கைக்குக் கிடைத்ததை வைத்துவிட்டேன். இன்று பிரித்தால், நான் கையெழுத்திட வேண்டிய இடமெல்லாம் இலையிலிருந்து உதிர்ந்த துருநிறப் பொடி. தட்டியும் கறை போகவில்லை.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஜீப்புல ஒரு கட்டு பேப்பர் கிடக்குதே சார், அதை எடுத்திருக்கலாமே?"

மறந்துவிட்டேன் என்றேன். நேற்றுக் காலையில் அந்தக் கட்டை ஏற்றியவனே நான்தான்.

வேறு பிரதி அனுப்பச் சொல். அவசரமில்லை.

இப்போதைக்கு,
உன் கணவன்