ஏணி வழுக்கினதை நேத்து சொல்லல

ஏங்க,

நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

நேத்து தலைவலின்னு சொன்னது பொய். டாக்டரம்மா வீட்டு மாடி ஜன்னலை வெளியில இருந்து துடைச்சிட்டு இருந்தப்ப ஏணி வழுக்கிடுச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினேன். தோட்டக்காரர் ஓடி வந்து ஏணியை நிமிர்த்தலைன்னா இந்தச் சீட்டை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

'அடிமாட்டு விலைக்கு வேலை செய்யற'ன்னு நீங்க கத்தினப்ப கோவம் வந்துச்சு. ஆனா விலையைக் குறைச்சுக் குறைச்சுத்தான் ஏணி பிடிக்க ஆள் வெக்க முடியாம போச்சு. அதனால காலையில அந்தம்மாவுக்கு போன் பண்ணி, "இனிமே ரெண்டு பேர் கூலி, இல்லன்னா மேல ஏற மாட்டேன்"னு சொல்லிட்டேன். "வேற ஆளா கிடைக்காது?"ன்னாங்க. பழைய விலைக்கே வரேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். அப்புறம் அவங்களே, "சரி, வந்து மிச்சத்தை முடி"ன்னாங்க.

கேட்டது கிடைச்சும் சந்தோஷமே இல்லைங்க, மறுபடி அந்த ஏணியில ஏறணுமே. இன்னைக்கு ஏறலைன்னா இனிமே எப்பவும் ஏற மாட்டேன்னுதான் கிளம்பறேன். ஏணி பிடிக்க உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போறேன். போனை நோண்டாம நிக்கணும்னு சொல்லியிருக்கேன்.

சாவி டிவி மேல.

பி.கு: எழுந்ததும் அங்க வாங்களேன். திட்டறதா இருந்தாலும் பரவால்ல, மேல இருந்து பாத்தா எனக்குத் தெரியற இடத்துல நின்னு திட்டுங்க.