முகாம் வாசலில் பாடிய நத்தார்ப் பாட்டு

19.11.1984, திங்கள்

பாடி முடிந்து வெளியே வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. ‘எழும்புங்கோ இடையரே’ பாட்டு இன்றைக்குத்தான் நான் நினைத்தபடி வந்தது. மார்க்கண்டு கிற்றாரை பைலா ஆட்டத் தாளத்துக்கு இழுத்துவிட, எனக்குக் கால் தானாக ஆடியது. கண்ணாடிக்கு அப்பால் ஆழ்வாப்பிள்ளை அண்ணை இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பாட்டுக் கசற் பதிந்து விற்கும் அவருடைய றெக்கோடிங் பாருக்குப் பின்னால்தான் எங்கள் ஒலிப்பதிவு அறை. சுவரெல்லாம் சாக்கு அடித்து, காற்றாடிகூடப் போட முடியாத அறை.

நெற்றி நிறையத் திருநீறு பூசும் மனிதர். யேசு பாலன் பிறந்த நத்தாருக்குப் பொப் பாட்டுக் கசற் போட வேண்டும் என்ற ஆசை அவருக்குத்தான் முதலில் வந்தது.

“கோயில் பாட்டு கோயிலிலை இருக்கட்டும் பிள்ளை. சனம் வீட்டிலை போட்டு ஆடிறதுக்கு ஒண்டு வேணும்.”

கொழும்பு ஹோட்டல்களில் பாடிய காலம் போய், கிறகோரியைக் கட்டி, கடலோரக் குருநகருக்குத் திரும்பி வந்து, மேடை என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. இந்தக் கசற்றின் மட்டையில் என் படம் போடுவார்களாம். பெயர் பெரிய எழுத்தில். பெர்னடெட். நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. பிடித்தும் இருக்கிறது.

24.11.1984, சனி

ஊரடங்கு. ஒலிப்பதிவு இல்லை. கிறகோரி காலையிலிருந்து ஒரே எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். கடலுக்குப் போகத் தடை விழுந்த வள்ளத்தின் எஞ்சின்.

29.11.1984, வியாழன்

மிச்சப் பாட்டுகளுக்குக் கொங்கோ மேளம் அடிக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு லூர்த்தக்காவின் மகன் ஜெராட் நன்றாக அடிப்பான். பத்தொன்பது வயது. கடல் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். போய்க் கேட்டேன்.

“பட்டினத்துக்கோ? ஆமிக்காரர் இளம் பெடியளைக் கண்ட இடத்திலை பிடிக்கிறாங்கள். வேண்டாம் பெர்னி.”

“நானே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா. என்ரை பொறுப்பு.”

அவன் தாய்க்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தான். லூர்த்தக்கா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். கடைசியில் “ஓம்” என்றார். எனக்காக இல்லை. அவன் சிரித்ததற்காக.

6.12.1984, வியாழன்

பிடித்துவிட்டார்கள்.

தொண்டைக்கு இதமாக இஞ்சித் தேத்தண்ணி குடிக்க எதிர்க் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் ஒலிப்பதிவு அறை வாசலில் ஆமி ட்ரக் வந்து நின்றது. கையைப் பின்னால் கட்டி இரண்டு பேரையும் ஏற்றினார்கள், மார்க்கண்டு முதலில், பிறகு ஜெராட். ஒரு சிப்பாயின் கையில் எங்கள் ஒலிநாடா. ஆழ்வாப்பிள்ளை அண்ணையைக் கன்னத்தில் அறைந்து விட்டுவிட்டுப் போனார்கள். நான் கடைக்குள்ளேயே நின்றேன். 

லூர்த்தக்கா கத்தேல்லை. “நீ எங்கை நிண்டனி?” எண்டு மட்டும் கேட்டா.

தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? மாதாவே, எப்பிடிச் சொல்லுறது?

7.12.1984, வெள்ளி

முகாம் வாசல். எங்களைப் போல எத்தனையோ பெண்கள். பட்டினத்தை அடுத்த திருநெல்வேலியிலிருந்து மார்க்கண்டுவின் மனைவி குணலட்சுமி கைக்குழந்தையோடு வந்திருந்தார். யாருக்கும் ஒரு பதிலும் இல்லை. வெயில் ஏறியதும் சிப்பாய்கள் துவக்கை நீட்டிக் கலைத்தார்கள்.

லூர்த்தக்கா என்னோடு வரவில்லை. தனியே வந்தார், தள்ளி நின்றார்.

8.12.1984, சனி

இன்று காவல் சிப்பாயிடம் சிங்களத்தில் பேசினேன். கொழும்பில் பழகிய சிங்களம். பல வருடமாக வாயில் வராதது, பயத்தில் கடகடவென்று வந்தது. பிடிபட்ட நாடாவில் பாடியவள் நான்தான் என்றேன். அவன் உள்ளே போய் வந்து, என்னை மட்டும் கம்பிக்கு அப்பால் முற்றத்துக்குக் கூப்பிட்டான்.

அதிகாரிக்கு என்னைவிட வயது குறைவு. மேசையில் எங்கள் நாடா.

“இது இயக்கப் பாட்டு” என்றான். “எழும்பு என்கிறாய். எங்கள் ராசா வருகிறார் என்கிறாய். யார் அந்த ராசா?”

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “யேசு பாலன், ஐயா. நத்தார்ப் பாட்டு.”

“நத்தாருக்கு யார் இப்படிப் பாடுகிறார்கள்? இது பைலா.”

“நான் பொப் பாடகி. எனக்கு இப்படித்தான் பாடத் தெரியும்.”

“பாடு, பார்ப்போம்.”

பாடினேன். முதல் அடியில் குரல் உடைந்தது. விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். மேடையில் எப்படிப் பாடுவேனோ அப்படியே, சிரித்த முகத்தோடு, கையால் தாளம் போட்டு. பயந்து பாடினால் பொய் என்று நினைப்பான். இரண்டு சிப்பாய்கள் தாளத்துக்குத் தலையாட்டினார்கள். கம்பிக்கு வெளியே அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லூர்த்தக்காவும்.

அதிகாரி நாடாவை என் பக்கம் தள்ளினான். “குடும்பக்காரனைக் கூட்டிப் போ. சின்னவனை விசாரிக்க வேண்டும்.”

“அவனும் பாட்டுக்கு வந்தவன்தான், ஐயா. என்னை நம்பித் தாய் அனுப்பினவர்.”

“இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இரண்டு பேரும் இங்கேதான்.”

அங்கே நின்று எவ்வளவு நேரம் யோசித்தேன்? ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. மார்க்கண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவனால் நேராக நடக்க முடியவில்லை.

9.12.1984, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது லூர்த்தக்கா வழியை மறித்தார்.

“நீ பாடினாய், அவன் வந்திட்டான். என்ரை பிள்ளை வர நான் என்னத்தைப் பாட?”

கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

12.12.1984, புதன்

சைக்கிளில் இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் பயம்.

“அக்கா, உள்ளுக்கை என்ன கதைச்சனீங்கள்?”

“நத்தார்ப் பாட்டுப் பாடினனான்.”

“பாட்டு மட்டுமோ?”

“வேறை என்ன எனக்குத் தெரியும், தம்பி?”

“இனி அங்கை போகாதையுங்கோ.”

அவர்கள் போன பிறகு கிறகோரி கதவைச் சாத்தினார். “கேட்டனிதானே? ரெண்டு பக்கமும் உன்னைப் பாக்கிறாங்கள். எனக்கு நீ வேணும், பெர்னி.”

எனக்கும் பயம்தான்.

14.12.1984, வெள்ளி

போனேன். ஜெராட் அங்கே இல்லையாம். எங்கே என்று கேட்டதற்குக் கையை விசிறிக் காட்டினார்கள்.

24.12.1984, திங்கள்

பாலன் பிறப்புப் பூசை இந்த வருடம் பின்னேரமே முடிந்தது. நடுச்சாமத்தில் யார் வெளியே வருவது?

முகாமில் திருப்பித் தந்த நாடாவிலிருந்த பாட்டுகளோடு கசற் வந்துவிட்டது. வேண்டாம் என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் கெஞ்சிப் பார்த்தேன். “அவங்கள் பிடிச்சுக்கொண்டு போனதை நாங்களும் புதைச்சா, ஆருக்கு வெற்றி?” என்றார். அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். 

கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் வீட்டுக்கு வீடு என் குரல். ‘எழும்புங்கோ இடையரே’யைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். சந்தியில் நின்ற ஒருவன் மற்றவனிடம், “ஆமிக்கு ஆடிப் பாடினது இந்தப் பாட்டுத்தான்” என்றான். நான் கேட்கட்டும் என்றே சொன்னான். எத்தனை வருடம் ஆசைப்பட்டேன், என் பாட்டு ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்று. காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றவில்லை, வாசலில் லூர்த்தக்கா. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“நாளைக்கு முகாமுக்கு வாறியோ?”

“நாளைக்கு நத்தார், அக்கா.”

“அதுதான் கேக்கிறன். நத்தார் எண்டால் அவங்களுக்கும் மனம் கொஞ்சம் இளகாதோ? உனக்கு அவங்கடை பாசை தெரியும்.” பிறகு, முகத்தைப் பார்க்காமல்: “பாட வேண்டாம். கேட்டுத் தந்தாக் காணும்.”

கிறகோரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என்னைத் தடுக்கவில்லை.

2.1.1985, புதன்

நத்தாரன்றும் போனோம், நேற்றும் போனோம், இன்றும் போனோம். இல்லை.

21.3.1985, வியாழன்

ஜெராட்டைப் பார்த்தோம்!

தெற்கே ஒரு முகாமில் இருக்கிறான் என்று போன மாதம்தான் அரச அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவர் வாய் தவறிச் சொன்னார். விட்டேனா? முகாமின் பெயரைச் சொல்லி அவர் கதிரையை விட்டு எழும்பும் வரை நான் எழும்பவில்லை. பிறகு அனுமதி, கொழும்புக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வழிநெடுக லூர்த்தக்கா செபமாலையை விடவில்லை.

பாதி உடம்பாகிவிட்டான். முன்பல் இரண்டு இல்லை. தாய் கம்பிக்குள்ளால் விரலை விட்டு அவன் காதைப் பிடித்தார், சின்னப் பிள்ளைக்குப் பிடிப்பது போல. நேரம் முடியப்போகிறது என்று காவலாளி சொன்ன பிறகுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, கசற் நல்லாப் போச்சுதோ?”

“ஓம்” என்றேன். 

திரும்பி வரும்போது லூர்த்தக்கா பொதிச் சோற்றை அவிழ்த்து, பாதியைப் பிரித்து என் மடியில் வைத்தார். “சாப்பிடு. காலமையிலிருந்து நீ ஒண்டும் தின்னேல்லை.” சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

9.12.1985, திங்கள்

ஆழ்வாப்பிள்ளை அண்ணை வந்திருந்தார். இந்த நத்தாருக்கும் ஒன்று போடுவோமா என்றார். மார்க்கண்டு மெட்டுகூட வைத்திருக்கிறானாம். கேட்க ஆசைதான். “இப்ப நேரமில்லை அண்ணை” என்று சொல்லிவிட்டேன். அவர் விறாந்தையைப் பார்த்தார். அங்கே கரவெட்டியிலிருந்து வந்த ஒரு தாய், ஆமி பிடித்துப் போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். “ஓம் பிள்ளை, விளங்குது” என்று எழும்பிப் போனார்.

லூர்த்தக்கா அந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, எந்த வாசலில் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெராட்டை இன்னும் விடவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போக வேண்டும்.

நாளைக்குக் கொடிகாமத்திலிருந்து பிள்ளைகளைத் தேடி இரண்டு பேர் வருகிறார்கள். முகாமில் அவர்களுக்காகச் சிங்களத்தில் கேட்க, விடியும் முன்பே வெள்ளாப்பிலேயே வெளிக்கிட வேண்டும். கிறகோரி தானும் கூட வாறாராம்.